தார் ரோட்டில் மூழ்கிய பல்லிகள்

பிரித்தானியக் கடற்படையின் சரித்திரத்தில் எத்தனையோ தளபதிகள் எத்தனையோ கப்பல்களைப் பறிகொடுத்திருப்பார்கள். புயலில் போயிருக்கும், பாறையில் போயிருக்கும், எதிரியின் குண்டு பட்டுப் போயிருக்கும். ஆனால் கடலில் கால் நனைக்காமல், லண்டனில் ஈஸ்ட் ஹாமைச் சுற்றியுள்ள தார் ரோட்டிலேயே நாலு போர்க்கப்பல்களை மூழ்கடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கப்பல் மாஸ்டர்.

மாஸ்டர் என்றதும் மாலுமி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். எங்கள் ஆட்களுக்குக் கணக்குப் படிப்பித்தாலும் மாஸ்டர், கியர் போடப் படிப்பித்தாலும் மாஸ்டர். சொந்தப் பெயர் அவருடைய லைசன்ஸில் இருந்திருக்கும். அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

கடலுக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். வூலிச்சில் தேம்ஸ் நதியைக் கடப்பதற்குக் காரையும் ஏற்றிக்கொண்டு போகிற படகு ஒன்று இருக்கிறது. ஒருநாள் தன்னிடம் பழகுகிற பெடியன் ஒருவனோடு மாஸ்டர் அதில் ஏறினார். காரை நிறுத்தியதும் இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிவிட்டார்.

“தம்பி, கரை தெரியுதோ?”

“தெரியுது மாஸ்டர்.”

“அப்பாடா! வந்திட்டமோ?”

“இல்லை மாஸ்டர். இன்னும் வெளிக்கிடேல்லை.”

இப்படிப்பட்ட மனிதருக்குக் கப்பல் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அதற்குக் காரணம் ஆங்கிலம். லண்டனுக்கு வந்த புதிதில், குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் இருந்து விசா விஷயமாக ஒரு பதிலும் வராமல் சும்மா இருந்த காலத்தில், “இங்கிலீஷ் புத்தகம் வாசியும், பாஷை தானாய் வரும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் நேரே ஒரு பழைய சாமான் கடைக்குப் போய், இருந்ததிலேயே மொத்தமான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்களின் சரித்திரம். அதை அட்டை கழலும்வரை வாசித்தார். அதன்பிறகு வேறு ஆங்கிலப் புத்தகம் எதையும் அவர் தொடவில்லை. ஆகவே அவர் பேசிய ஆங்கிலம் முழுக்க இருநூறு வருஷத்துக்கு முந்திய மாலுமிகளுடையது.

முழங்கால் நோவென்று டொக்டரிடம் போனால், “மை நீ ஹேஸ் ரன் அகிரவுண்ட்” என்பார். முழங்கால் தரை தட்டிவிட்டதாம். வீட்டில் போய்லர் நின்றுபோனபோது வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, “போய்லர் வென்ட் டவுன் வித் ஆல் ஹேண்ட்ஸ்” என்று சொல்லியிருக்கிறார். ஆட்களோடு சேர்ந்து மூழ்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர் பிளம்பரை அனுப்பவில்லை. உள்ளே எத்தனைபேர் அகப்பட்டார்களோ என்று தீயணைப்பு வண்டியோடு தானே ஓடிவந்தார்.

அந்தப் புத்தகத்தில் மாஸ்டர் மனதைப் பறிகொடுத்த விஷயம் ஒன்றே ஒன்று. கடற்படைக்காரர் ஒரு கப்பல் போனால் அதன் பெயரைப் போகவிடுவதில்லை. அடுத்ததாகக் கட்டுகிற கப்பலுக்கு அதே பெயரை வைப்பார்கள். அதுவும் போனால் அதற்கு அடுத்ததற்கு. இப்படி ஒரே பெயரில் வரிசையாகக் கப்பல்கள். அவற்றில் மாஸ்டருக்குப் பிடித்த பெயர் லிசார்ட்.

அதாவது பல்லி.

“பாரும் காணும்,” என்று யாரைக் கண்டாலும் தொடங்கிவிடுவார். “சிங்கம் எண்டு வைக்கலாம், புலி எண்டு வைக்கலாம், எவனும் வைப்பான். பல்லி எண்டு போர்க்கப்பலுக்குப் பேர் வைக்க எவ்வளவு நெஞ்சுத் துணிவு வேணும்! ஒரு பல்லி கரையிலை மோதிச்சுது. ஒரு பல்லி பாறையிலை போச்சுது. ஒரு பல்லி வயசு போய் ஆஸ்பத்திரிக் கப்பலாய் நிண்டுது. பிறகும் பல்லி எண்டுதான் வைச்சவங்கள். விளங்குதோ?”

யாருக்கும் விளங்கவில்லை. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தன்னுடைய கார்களுக்கெல்லாம் லிசார்ட் என்று பெயர் வைத்துவிட்டார். கையகலம் உயரமுள்ள மஞ்சள் எழுத்துகளில் ஒரு நீளமான காந்த ஸ்டிக்கர் செய்து, பின்பக்கம் டிக்கியில் ஒட்டியிருந்தார்.

முதலாவது லிசார்ட், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைத் தூணோடு மோதி முடிந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மற்றதை மிதித்துவிட்டாராம். கடைக்காரர் ஓடிவந்து, “உங்களுக்கு ஒண்டும் இல்லையே அக்கா? உள்ளை வாங்கோ, இருங்கோ” என்று சோடா கொடுத்தாராம். அக்கா ஒரு சோடித் தோட்டை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாராம்.

இரண்டாவது லிசார்ட்தான் உண்மையில் தண்ணீரைக் கண்ட ஒரே பல்லி. நல்ல மழை நாள். ரயில் பாலத்துக்குக் கீழே ரோட்டில் வெள்ளம் நின்றது. பழகிக்கொண்டிருந்தவர் பயந்துபோய், “மாஸ்டர், திரும்புவமோ?” என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் மார்பை நிமிர்த்தி, “கப்பல் தண்ணிக்குப் பயப்பிடுமோ? விடும்!” என்றிருக்கிறார். நடுவெள்ளத்தில் என்ஜின் ஒருதரம் இருமிவிட்டு நின்றது. இருவரும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

மூன்றாவது லிசார்ட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு மாஸ்டர் ஆட்டிறைச்சி ரோல் வாங்கப் போன நேரம், கவுன்சில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது மூழ்கிய கணக்கில் வராது, எதிரி கைப்பற்றிய கணக்கில்தான் வரும் என்பது அவருடைய வாதம். அன்றிலிருந்து கவுன்சிலை அவர், புத்தகத்தில் வருகிற எதிரியைப்போல, “பிரெஞ்சுக்காரன்” என்றுதான் சொல்லுவார். “பிரெஞ்சுக்காரன் இந்த வருஷம் குப்பைத் தொட்டியை மாத்திப்போட்டான்.”

ஆனால் அது திரும்பி வந்தபோது, கொண்டுவந்த வாகனத்தில் இருந்து இறக்குகையில் அச்சு முறிந்தது. எனவே அதையும் நான் மூழ்கிய கணக்கிலேயே சேர்க்கிறேன்.

நாலாவதை மூழ்கடித்தவன் நான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பயப்படுகிற விஷயத்தில் டொக்டர் பட்டத்துக்கு மேலே படித்தவன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் நிறுத்தத்தில் இருந்து திரும்பி வருவேன். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பேன், தள்ளியதில் பூட்டு உடைந்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பேன். கார் ஓட்டுவதைப் பற்றி நான் கனவிலும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அந்தக் கனவிலும் மோதியிருப்பேன்.

அப்படிப்பட்ட என்னை மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டது என்னுடைய வேலை. நான் பெட்டி அடுக்குகிற வெயர்ஹவுஸ், பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் இருந்து எசெக்ஸ் பக்கம் ஒரு வெட்டவெளிக்கு இடம் மாறப் போவதாக அறிவித்தார்கள். காலை ஷிப்ட் தொடங்குகிற நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. “கார் ஓடுறவை வரலாம். மற்றவை வேறை வேலை பாருங்கோ” என்று சுப்பவைசர் சொல்லிவிட்டார். எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். வேறு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பவே இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். கோடை முடிவதற்குள் லைசன்ஸ் எடுத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முதல் நாள் பாடம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாந்தி கேட்டாள்.

“மாஸ்டர் எப்பிடி?”

“நல்ல மனுசன். காருக்குத்தான் பேர் வைச்சிருக்கிறார்.”

“என்ன பேர்?”

“லிசார்ட்.”

“அப்பிடியெண்டால்?”

“பல்லி.”

சாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். “இஞ்சாருங்கோ, பல்லி மேலை விழுந்தாலே தோஷமெண்டு தலைக்கு முழுகிற ஆக்கள் நாங்கள். நீங்கள் பல்லிக்குள்ளையே ஏறிப் போய் இருக்கிறியளோ?”

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்தபிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. ஒவ்வொரு பாடம் முடிந்து வந்ததும் தலைக்கு முழுகத் தொடங்கினேன். இரண்டாம் மாதம் எனக்குச் சளி பிடித்தது. அதுவும் பல்லியின் வேலைதான் என்று நினைத்தேன்.

மாஸ்டரின் பாடம் வேறுவிதம். அவருக்கு இடப்பக்கம் இல்லை, போர்ட்தான். வலப்பக்கம் இல்லை, ஸ்டார்போர்ட்தான். இரட்டைத் தட்டு பஸ் வந்தால், “பெரிய கப்பல் வருது, ஒதுங்கி மரியாதை குடும்.” சைக்கிள் வந்தால், “சின்னத் தோணி, இடிச்சுப்போடாதையும்.” மின்சார ஸ்கூட்டரில் பெடியன்கள் பறந்தால், “கடற்கொள்ளைக்காரர்! கண்ணாடியைப் பாரும்!”

“போர்ட் எது, ஸ்டார்போர்ட் எது எண்டு மறந்தீர் எண்டால் நடுக்கடலிலை சாவுதான்.”

“மாஸ்டர், இது பார்க்கிங் ரோட்.”

“சாவு எங்கையும் ஒண்டுதான். கியரை மாத்தும்.”

ரவுண்டபவுட் எனக்குப் பெரிய கண்டம். உள்ளே போய்விடுவேன். எந்த வழியால் வெளியே வருவது, வந்தால் எவன் இடிப்பான் என்று பயந்து சுற்றிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் நான் அப்படிச் சுற்றத் தொடங்கியதும், மாஸ்டர் உலகத்தைச் சுற்றிவந்த ஒரு பழைய கப்பலின் கதையை ஆறுதலாகத் தொடங்கினார். கப்பல் வெளிக்கிட்டது, தீவுகளைக் கண்டது, பாய் கிழிந்தது, சாப்பாடு முடிந்தது, ஊர் திரும்பியது. கதை முடிந்தபோதும் நான் வெளியே வரவில்லை.

“அவங்களே வீட்டை வந்திட்டாங்கள் தம்பி,” என்றார். “நீர் எப்ப வாறதாய் உத்தேசம்?”

முதல் டெஸ்ட்டில் நான் தோற்றேன். சிவப்பு விளக்கில் போனவர்கள் தோற்பது வழக்கம். நான் பச்சை விளக்கில் நின்று தோற்றேன். பரிசோதகர் ஏன் நின்றாய் என்று கேட்டார். “இட் வில் சேஞ்ச், சேர்” என்றேன். அது மாறத்தானே செய்யும்? அவர் தலையைக் குனிந்து நீண்ட நேரம் எழுதினார்.

அடுத்த டெஸ்ட் கோடையின் கடைசியில் கிடைத்தது. அதிலும் தோற்றால் வேலை இல்லை. அதற்கு முந்திய வாரம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் காரை நிறுத்திவிட்டு நாங்கள் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

“மாஸ்டர், ஒரு உதவி. டெஸ்ட் அண்டைக்கு மட்டும் உந்தப் பேரைக் கழட்டி வைப்பமோ?”

மாஸ்டர் மெல்லுவதை நிறுத்தினார். “ஏன்?”

“மூண்டு பல்லி மூழ்கிப் போட்டுது மாஸ்டர். பேரிலை ஏதோ தோஷம் இருக்கு.”

“மூழ்கினது பலகை காணும். பேர் எங்கை மூழ்கினது?”

“உந்தக் கப்பலிலை ஏறின ஆக்களுக்கு முந்தினது மூழ்கினது தெரியுமோ?”

“தெரியாமல்? எல்லாருக்கும் தெரியும்.”

“வயித்தைக் கலக்கியிராதோ?”

“கலக்கியிருக்கும்,” என்றார் மாஸ்டர். “கப்பல் வெளிக்கிட்டதுதானே?”

பெயர் கழலாது என்று எனக்கு விளங்கிவிட்டது. பெயர் கழலாவிட்டால் தோஷத்தைக் கழிக்கவேண்டியதுதான். டெஸ்ட் அன்று காலையில் சாந்தி நாலு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, பையில் போட்டுத் தந்தாள். சில்லுக்கு ஒன்றாக வைத்து நசுக்கினால் எந்தத் தோஷமும் போய்விடும். எங்கள் ஊரில் புது லொறியில் இருந்து பழைய சைக்கிள்வரை அப்படித்தானே செய்வார்கள்?

டெஸ்ட் சென்டருக்குப் பக்கத்து ரோட்டில் நிறுத்திவிட்டு மாஸ்டர் தேத்தண்ணி வாங்கப் போனார். நான் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, நாலு சில்லுக்கு முன்னாலும் நாலு தேசிக்காயை வைத்தேன். மாஸ்டர் திரும்பி வந்து ஏறியதும், “மாஸ்டர், கொஞ்சம் பார்க்கிங் பழகட்டோ?” என்று கேட்டேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். அதுவரை நானாக எதையும் பழகக் கேட்டதில்லை.

மெல்ல முன்னுக்கு எடுத்தேன். சத்தத்திலேயே தெரிந்தது, மூன்று நசிந்துவிட்டது. நாலாவது, முன் இடப்பக்கத்தது, நழுவி உருண்டுவிட்டது. கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். முழுசாக, பச்சையாக, நடைபாதை ஓரத்தில் கிடந்தது. முக்கால்வாசித் தோஷம் போய்க் கால்வாசி மிஞ்சினால் அது எந்தக் கால்வாசியோ? பிரேக் பக்கத்துக் கால்வாசி என்றால்? பின்னுக்கு எடுத்தேன். முன்னுக்கு எடுத்தேன். தேசிக்காய் இன்னும் கொஞ்சம் உருண்டது. நானும் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தேன்.

“என்ன காணும், தொட்டில் ஆட்டிற மாதிரி ஆட்டுறீர்?”

“இந்தா மாஸ்டர், சரியாய் வந்திட்டுது…”

உண்மையில் வந்தது விளக்குக் கம்பம். முன் பம்பர் கீழே விழுந்தது. இடப்பக்க விளக்கு நொறுங்கிக் கொட்டியது. கடைசியில் அந்தத் தேசிக்காய் மட்டும் தப்பிவிட்டது.

உடைந்த காரில் டெஸ்ட் எடுக்க விடமாட்டார்கள். டெஸ்ட்டுக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. வெயர்ஹவுஸ், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்குள் கிடந்து மினுங்கின.

மாஸ்டர் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். சில்லுகளில் நசிந்து ஒட்டியிருந்த தோலைப் பார்த்தார். நடைபாதையில் கிடந்த தேசிக்காயைக் குனிந்து எடுத்தார்.

“தம்பி,” என்றார் மெதுவாக, “கடற்படைக்காரரைக் காப்பாத்தினதே இந்தச் சாமான்தான். மாசக்கணக்காய்க் கடலிலை நிண்டு, பல் முரசு வீங்கிச் செத்தவங்கள். உதின்ரை சாறைக் குடிச்சுத்தான் தப்பினவங்கள். அவங்கள் குடிச்சாங்கள் காணும். நீர் சில்லுக்குக் கீழை வைச்சிருக்கிறீர்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர்.”

“சரித்திரத்திலை தேசிக்காய் இடறி மூழ்கின முதல் கப்பல்,” என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு அவர் டெஸ்ட் சென்டர் வளவைப் பார்த்தார். அங்கே பளபளவென்று ஒரு சிவப்புக் கார் நின்றது. அது சிவப்புக் கார் மாஸ்டருடையது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் மாஸ்டருக்குப் போட்டி. காரின் கூரையில் பெட்டி வைத்து, அதில் தன்னுடைய சிரித்த முகத்தையே பெரிதாக ஒட்டியிருப்பவர். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னது காரணம்: “வெள்ளைக்காரன் யுத்தக் கப்பலுக்குப் பல்லி எண்டு பேர் வைப்பானோ? உவருக்கு மண்டை கழண்டு போச்சு.” மாஸ்டர் பாயாசத்தைத் தொடாமல் எழுந்து போனவர்.

இப்போது மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரிடம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“உங்கடை கார் சும்மா நிக்குதோ?” என்றார் எங்கள் மாஸ்டர்.

சிவப்புக் கார் மாஸ்டர் எங்கள் காரை எட்டிப் பார்த்தார். சிரித்தார். கூரையில் இருந்த சிரிப்பும் கீழே இருந்த சிரிப்பும் ஒன்றாகவே இருந்தது. “என்ன, பல்லி வால் கழண்டு போச்சோ?”

“பெடியனுக்கு டெஸ்ட். இண்டைக்குப் பாஸ் பண்ணாட்டி வேலை போயிடும். குடும்பக்காரன். ஒருக்காத் தாரும்.”

“தரலாம். ஆனால் என்ரை காரிலை உந்தப் பல்லி கில்லி ஒண்டும் ஒட்டப்படாது.”

“ஒட்டமாட்டன்.”

“பிறகு, வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பல்லி எண்டு பேர் வைக்கேல்லை எண்டு உம்மடை வாயாலை ஒருக்காச் சொல்லும்.”

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். டெஸ்ட் சென்டர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லதாக ஒன்றும் இருந்திருக்காது.

“வைக்கேல்லை,” என்றார்.

“என்ன வைக்கேல்லை?”

“பல்லி எண்டு ஒரு கப்பலுக்கும் பேர் வைக்கேல்லை. அப்பிடி ஒரு கப்பலும் இருக்கேல்லை.” அந்த வளவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “திறப்பைத் தாரும்.”

நான் எங்கள் காரடிக்குப் போனேன். டிக்கியில் இருந்த மஞ்சள் எழுத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். காந்தம் துணியில் ஒட்டாது. ஆகவே மாஸ்டரிடம் நீட்டி, “ஊசி ஏதும் இருக்கோ?” என்று கேட்டேன்.

“விசரே உமக்கு? காரிலை ஒட்டமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்.”

“காரிலை இல்லை மாஸ்டர். என்னிலை.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையில் எப்போதும் கொழுவியிருக்கும் இரண்டு ஊக்குகளை எடுத்து, ஒரு முனையை என் இடது தோளடியிலும் மறுமுனையை வலது தோளடியிலும் குத்தினார். லிசார்ட் என்று என் நெஞ்சுக்குக் குறுக்கே மஞ்சளாக எழுதியிருந்தது. புத்தம்புதுக் காரில், பெயரே இல்லாமல், வெறும் நானாக ஏறிப்போக எனக்குத் தைரியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. பல்லி என்றால் என்ன நடக்கும் என்றாவது தெரியும். மூழ்கும். ஆனால் மூழ்கின பல்லிகளில் இருந்த அத்தனைபேரும் இன்றைக்கும் ஈஸ்ட் ஹாமில் மீன் வாங்கிக்கொண்டுதானே திரிகிறார்கள்?

பரிசோதகர் இந்தமுறை ஒரு பெண். என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவர் என் நெஞ்சைப் பார்த்தார், கையில் இருந்த பழகுநர் லைசன்ஸைப் பார்த்தார், மறுபடி நெஞ்சைப் பார்த்தார்.

“இது உங்களுடைய பெயரா?”

“நோ மேடம்,” என்றேன். “கப்பல்.”

அந்த அம்மா நிறையப் பேரைக் கண்டிருக்க வேண்டும். “ரைட்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

ஓட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வயிறு கலக்கியது. கார் வெளிக்கிட்டது. பெரிய கப்பல்களுக்கு மரியாதை கொடுத்தேன், தோணிகளை இடிக்கவில்லை. ரவுண்டபவுட்டில் ஒரு சுற்று மட்டும் கூடுதலாகப் போனேன். அது குற்றமில்லையாம். பச்சை விளக்கு வந்தது. அது மாறும் என்று எனக்குத் தெரியும். மாறுவதற்குள் போனேன்.

திரும்பி வளவுக்குள் வந்து நிறுத்தியதும், பரிசோதகர் பாஸ் என்றார். எனக்குக் கேட்டது. ஆனாலும் தயவுசெய்து இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

இறங்கிப் பார்த்தால், சுவரோரம் சிவப்புக் கார் மாஸ்டர் முகம் வெளிறி நின்றுகொண்டிருந்தார். எங்கள் மாஸ்டர் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார்.

“…அதுக்குப் பிறகு கட்டின பல்லி இருக்கே, அதிலைதான் காணும் விசேஷம்…”

என்னைக் கண்டதும் சிவப்புக் கார் மாஸ்டர் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தார். “பாஸோ? கடவுளே! தம்பி, இந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு போ. இல்லையெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு, நீ போன நேரம் தொடக்கம் இருந்த பல்லி எல்லாத்தையும் சொல்லிக்கொண்டு நிக்கிறார்!”

மாஸ்டர் என்னிடம் வந்தார். கை கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஊக்குகளை மெல்லக் கழற்றி, மஞ்சள் எழுத்தை வளையாமல் பார்த்து எடுத்தார். “அடுத்ததுக்கு வேணும்,” என்றார்.

வீட்டில் சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாஸ் ஆனதற்குச் சந்தோஷப்படுவதற்கு முன்பு பஞ்சாங்கத்தை எடுத்தாள். “நெஞ்சிலை பல்லி எண்டால் இடப்பக்கம் சுகம், வலப்பக்கம் லாபமாம். எந்தப் பக்கம் குத்தினவர்?”

“ரெண்டு பக்கமும்.”

“கெட்டிக்கார மனுசன்,” என்றாள். அன்று மட்டும் நான் முழுகவில்லை.

எசெக்ஸ் வெட்டவெளிக்கு இன்றைக்கும் நான் காரில்தான் போய்வருகிறேன். மாஸ்டர் ஐந்தாவது லிசார்ட்டில் இன்னும் எத்தனையோ பேரைப் பழக்கினார். அதை யாராலும் மூழ்கடிக்க முடியவில்லை. போன வருஷம் அவருடைய கண் பார்வைதான் குறைந்துவிட்டது. டொக்டர் இனி ஓட்டக்கூடாது என்றதும், எதிர்க்காமல் லைசன்ஸைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரை கிரீனிச்சில் உள்ள கடல் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பழைய கப்பல்கள் நிற்கின்றன. அவற்றைக் கரையில் நின்று பார்க்கலாம் என்பதால் அவருக்குத் தலை சுற்றுவதில்லை. பழக்குகிற காரில் மாஸ்டர்மார் இருக்கிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். என்னுடைய கார் சாதாரணக் கார், அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் முன்னால் ஒரு பஸ் தெரிந்தால், பக்கத்தில் இருக்கிற மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை மெல்ல அழுத்தும்.

அழுத்தும்போதெல்லாம் நான் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கிறேன்.